கட்டெறும்பின் இயல்பும் வாழ்க்கை முறையும்

இந்திய நாட்டில் கட்டெறும்பை அறியாதவர் இலர். வீட்டு முற்றத்திலும், வயல் வரப்பிலும், சாலையோர மரங்களின் அடியிலும் விரைந்து செல்லும் இக்கரிய பெரிய எறும்பினை ஹிந்தி பேசுவோர் ‘சீன்டா’ என்றும், மராத்தியர் ‘முங்களா’ என்றும், மலையாளிகள் ‘கட்டுறும்பு’ என்றும் அழைக்கின்றனர். கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்னும் தமிழ்ப் பழமொழி, ஒன்று தேய்ந்து சிறுத்துப்போவதற்கு இதனை எல்லையாகக் கொள்கிறது. ஆயினும் எறும்பினங்களுக்குள் இது சிறியதன்று. நம் நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் எறும்புகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாகும்.

இவ்வளவு பழகிய பிராணியாயினும், இதனைப் பற்றி மக்களிடையே வழங்கும் அபிப்பிராயங்கள் பல ஆராய்ச்சிக்கு ஒத்துவருவன அல்ல. கதவு நிலையையும் உத்தரத்தையும் இது தின்றுவிடுகிறது என்று சிலர் கருதுகின்றனர். கொய்யா, எலுமிச்சை முதலிய மரங்கள் வாடுவதற்கு இதுவே காரணம் என்பர் வேறு சிலர். சிறுநீர் கழித்த இடத்தில் இது மொய்க்குமாயின் நீரிழிவு நோய் உறுதி என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. கிராமங்களில் பணிபுரியும் களப்பணியாளர்களிடம் இத்தகைய வினாக்கள் அடிக்கடி எழுப்பப்படுகின்றன. ஆசிரியர்களுக்கோ, செலவின்றிப் பள்ளி வளாகத்திலேயே காட்டத்தக்க பிராணி இதனினும் சிறந்தது அரிது. ஆகவே இதன் வாழ்க்கையைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையது.

பெயரால் நேர்ந்த குழப்பம்

கட்டெறும்பின் விஞ்ஞானப் பெயர் கம்போனோட்டஸ் கம்ப்ரஸ்ஸஸ் என்பது. டென்மார்க் தேசத்துப் பூச்சியியல் அறிஞர் பாப்ரீசியஸ் இதனை 1787-இல் முதன்முதலாக விவரித்தார். ‘கம்போனோட்டஸ்’ என்னும் பேரினப் பெயரை ஆஸ்திரிய அறிஞர் மாயர் 1861-இல் வகுத்தார். வளைந்த முதுகுடையது என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள். எறும்பைப் பக்கவாட்டில் நோக்கினால், கழுத்திலிருந்து இடை வரையில் மார்பின் மேற்புறம் ஒரே வில்லாக வளைந்திருப்பதைக் காணலாம். உலகெங்கும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட மிகப் பெரிய பேரினம் இது.

இப்பேரினத்தைச் சேர்ந்தவை அனைத்தையும் ஆங்கில நூல்கள் ‘தச்சர் எறும்புகள்’ என்னும் பொருள்படும் பெயரால் குறிக்கின்றன. குழப்பத்திற்கு இதுவே மூலம். அப்பெயர் பொருந்துவது வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் குளிர்ப் பிரதேசங்களிலும் வாழும் சில இனங்களுக்கே. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள கம்போனோட்டஸ் பென்சில்வானிக்கஸ் என்னும் இனம், ஈரத்தால் உளுத்த மரத்தினுள் தாடைகளால் குடைந்து அறைகளை அமைக்கும். மரத்தின் மென்மையான வளையங்களைக் குடைந்து, வன்மையான வளையங்களைச் சுவர்களாக விட்டுவிடும். குடைந்த தூளை வெளியே கொட்டும், உண்ணாது. மரம் அதற்கு வீடே தவிர உணவன்று.

நம் நாட்டுக் கட்டெறும்போ பெரும்பாலும் மண்ணிலேயே வாழ்வது. மரத்தடியில், வேர்களின் இடையே, சுரங்கவழிகளும் அறைகளுமாகக் கூட்டை அமைக்கிறது. வாயில்கள் பல இருக்கும்; அவற்றைச் சுற்றி மண் துகள்கள் சிதறிக்கிடக்கும். ஆங்கில நூலிலுள்ள பெயரைத் தமிழில் ‘தச்செறும்பு’ என்று பெயர்த்து, அதனையே கட்டெறும்புக்கும் இட்டுவிட்டால், படிப்பவர் மனத்தில் தவறான சித்திரமே எழும். கட்டெறும்பு என்ற நாட்டு வழக்கே தக்கது.

வீட்டு மரச் சாமான் அரிக்கப்பட்டு, அதே இடத்தில் கட்டெறும்பும் காணப்பட்டால், முதலில் ஐயுற வேண்டியது கறையானை. கறையான் மரத்தின் நாரையே உணவாகக் கொள்வது. சுவரில் மண் குழாய்கள் செல்லுகின்றனவா, மரத்தின் உட்புறம் மண் பூசப்பட்டு வரிவரியாக வெறுமையாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கறையானைக் கண்ட இடத்தில் எறும்பு அதனைப் பிடித்துத் தின்னும். ஆகவே அரிக்கப்பட்ட மரத்தில் எறும்பைக் கண்டவுடன் அதனைக் குற்றவாளி என்று கொள்வதற்கில்லை.

மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் சிறகுள்ள பூச்சிகளிலும் இதே மயக்கம் நேர்கிறது. ஈசல் என்பது கறையானின் சிறகுள்ள பருவம். கட்டெறும்பின் ஆண்களும் இளம் ராணிகளும் சிறகுடன் அதே காலத்தில் வெளிவருவதுண்டு. ஈசலின் நான்கு சிறகுகளும் ஒரே நீளமானவை, இடை பருத்தது, உணர்கொம்புகள் மணிகோத்தாற்போல் நேராக இருக்கும். எறும்பின் முன்சிறகுகள் பின்சிறகுகளைவிட நீளமானவை. இடை மிக ஒடுங்கியது. உணர்கொம்பு முழங்கையைப் போல் மடங்கியது. இரண்டிற்கும் சிறகு உதிர்வதால், உதிர்ந்த சிறகை மட்டும் பார்த்து முடிவு கூறுவதாயின் அதன் நீளத்தைக் கவனிக்கவேண்டும்.

உடலமைப்பு

தலை, மார்பு, வயிறு என்னும் பகுதிகள் எல்லாப் பூச்சிகளுக்கும் உரியவை. எறும்பில் மார்புக்கும் பருத்த வயிற்றுக்கும் இடையே ஒரு கணு தனித்து நிற்கும். கட்டெறும்புக்கு இத்தகைய கணு ஒன்றே. சில எறும்பினங்களுக்கு இரண்டு உண்டு. கை லென்ஸ் ஒன்றிருந்தால் மாணவர்கள் இதனை எளிதில் கண்டுகொள்வர். வேலைக்கார எறும்பின் உணர்கொம்பில் 12 கணுக்கள் உள்ளன. ஆணின் கொம்பில் 13. முன்காலில், பாதம் தொடங்கும் இடத்தில், சீப்புப் போன்ற ஓர் உறுப்பு உண்டு. எறும்பு தன் உணர்கொம்பை அதனூடே இழுத்துத் துடைத்துக்கொள்ளும். அமைதியாக நிற்கும் எறும்பு இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்வதைச் சிறிது பொறுமையுடன் நோக்கினால் யாவரும் காணலாம். வாசனையாலேயே வழியும் உறவும் பகையும் அறியும் பிராணிக்குக் கொம்பின் தூய்மை உயிர்நாடியன்றோ!

ஒரே கூட்டைச் சேர்ந்த வேலைக்காரர்களிடையே பருமனில் பெரும் வேற்றுமை காணப்படும். சிறியவை சுமார் 7 அல்லது 8 மில்லிமீட்டர் நீளமுடையவை. பெரியவை அதைப்போல் இரு மடங்கு நீளமும், உடலுக்குப் பொருந்தாத அளவில் பெரிய தலையும், வலிய தாடைகளும் கொண்டவை. இவற்றைத் தனி இனங்கள் என்றோ, ஆண், பெண் என்றோ கருதுதல் தவறு. வேலைக்காரர் அனைவரும் பெண்களே. கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும், கருவுறாத முட்டையிலிருந்து ஆணும் தோன்றுகின்றன.

கட்டெறும்புக்குக் கொடுக்குக் கிடையாது. தாடைகளால் கடித்து, வயிற்றை முன்புறம் வளைத்து, அதன் நுனியிலுள்ள துவாரத்தின் வழியே பார்மிக் அமிலத்தைக் கடிவாயில் பீச்சுகிறது. எரிச்சல் அதனால் விளைவது. கடிபட்ட இடத்தை நீரால் நன்கு கழுவுதல் போதுமானது. எறும்புகளின் புளிப்பு நீரைப் பற்றி ஆங்கிலேய அறிஞர் ஜான் ரே 1671-இல் எழுதினார். ஜெர்மானிய இரசாயன அறிஞர் மார்க்கிராப் 1749-இல் அதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். லத்தீன் மொழியில் எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அவ்வமிலத்தின் பெயர் வந்தது.

பெரிய வேலைக்காரர்களின் தாடை வலிமையைப் பற்றிப் பேசும்போது, சுசுருத சம்ஹிதையில் வரும் ஒரு முறையைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. கிழிந்த குடலின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துக் கரிய பெரிய எறும்புகளைக் கடிக்கச் செய்து, உடலைத் துண்டித்துவிட்டுத் தலைகளைத் தையலாக விட்டுவிடுமாறு அந்நூல் கூறுகிறது. எறும்பின் இனத்தை அது பிரித்துச் சொல்லவில்லை.

கூட்டின் தோற்றமும் வளர்ச்சியும்

மழை தொடங்கும் பருவத்தில் ஆண்களும் இளம் ராணிகளும் பறந்து சென்று கூடுகின்றன. கூடியபின் ஆண்கள் சில நாட்களில் இறக்கின்றன. ராணியோ ஒருமுறை பெற்ற விந்தினைத் தன் உடலிலுள்ள சிறு பையில் சேமித்து, ஆயுள் முழுவதும் முட்டைகளைக் கருவுறச் செய்யப் பயன்படுத்துகிறது. அவ்வாறு பறந்து செல்பவற்றில் மிகச் சிலவே பிழைக்கும். பறவை, பல்லி, ஓணான், தவளை ஆகிய அனைத்திற்கும் அன்று விருந்து.

பிழைத்த ராணி சிறகுகளைத் தானே உதிர்த்துவிட்டு, மண்ணில் சிறு அறை ஒன்றை அமைத்து, வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே தங்கிவிடுகிறது. முதற் குஞ்சுகள் வளரும் வரையில் அது இரை தேடி வெளியே வருவதில்லை. இனிப் பறக்க வேண்டியதில்லையாதலால், சிறகுகளை இயக்கிய பெரிய தசைகள் உடலுக்குள்ளேயே கரைந்து உணவாகின்றன. அவ்வுணவையும் உடற்கொழுப்பையும் கொண்டே தானும் உயிர்வாழ்ந்து, முதல் தொகுதிப் புழுக்களையும் ஊட்டி வளர்க்கிறது. இவ்வாறு பிறக்கும் முதல் வேலைக்காரர்கள் மிகச் சிறியவை, எண்ணிக்கையிலும் சிலவே. அவை வாயிலைத் திறந்து இரை தேடத் தொடங்கியபின், ராணிக்கு முட்டையிடுவது ஒன்றே தொழில். பெருந்தலை வேலைக்காரர்கள் கூடு வளர்ந்து உணவு பெருகிய பிறகே தோன்றும். ஆகவே, பெருந்தலை எறும்புகள் நிறைந்த கூடு இளங்கூடாக இருத்தல் அரிது.

எறும்பு வாயில் கவ்விச் செல்லும் வெண்மையான நீள்வட்டப் பொருள்களைப் பலரும் ‘எறும்பு முட்டை’ என்பர். உண்மையான முட்டை கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறியது. கவ்விச் செல்லப்படுபவை புழுக்கள் தம்மைச் சுற்றி நூற்றுக்கொண்ட பட்டுக்கூடுகள். அவற்றுள் ஒன்றை ஊசிமுனையால் மெல்லப் பிரித்தால், கால்களும் கொம்புகளும் மடங்கிய வெளிறிய எறும்பு உள்ளே கிடப்பதைக் காணலாம். பட்டுப்புழுவைப் பாடத்தில் மட்டுமே கண்ட மாணவருக்கு இது ஒரு புதுமை.

உணவும் தாவரங்களுடன் உறவும்

விவசாயத்துறைப் பணியாளர் கவனிக்க வேண்டிய முக்கியப் பகுதி இதுவே. வளர்ந்த எறும்பு திடப்பொருளை விழுங்க இயலாது. வாயின் உட்புறத்திலுள்ள சிறு பை திண்மத் துகள்களை வடித்துவிட, திரவம் மட்டுமே உள்ளே செல்கிறது. அதிலும் பெரும்பகுதி செரிப்பதற்கன்று. வயிற்றின் முன்பகுதியிலுள்ள தீனிப்பையில் தேக்கிவைப்பதற்கு. கூட்டிற்குத் திரும்பிய எறும்பு அத்திரவத்தை வாயோடு வாய் வைத்து மற்றவைக்கு வழங்கும். தீனிப்பையைக் கூட்டின் பொதுக் களஞ்சியம் என்று கூறலாம். இறந்த பூச்சிகளையும் பிடித்த சிறு இரைகளையும் கொண்டுவருவது பெரும்பாலும் வளரும் புழுக்களுக்காக.

இனிப்புத் திரவத்தை எறும்பு பெறும் முதன்மையான வழி, சாறு உறிஞ்சும் பூச்சிகளிடமிருந்தாகும். அசுவினி, மாவுப்பூச்சி, செதிற்பூச்சி முதலியவை தாவரத்தின் சாற்றை இடைவிடாது உறிஞ்சுகின்றன. சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜன் சத்துக் குறைவு. வேண்டிய அளவு நைட்ரஜனைப் பெறுவதற்காக ஏராளமான சாற்றை உறிஞ்சி, மிகையான சர்க்கரையை இனிப்பு நீராக அவை வெளியேற்றுகின்றன. கட்டெறும்பு கொம்புகளால் பூச்சியின் பின்புறத்தைத் தட்ட, அது ஒரு துளியை வெளிவிடுகிறது. கருவேல மரக்கிளைகளில், முதுகில் கொம்பு போன்ற நீட்சியுடன் முள்ளைப் போலவே தோன்றும் ஆக்ஸிராக்கிஸ் என்னும் சிறு பூச்சியைக் கட்டெறும்புகள் சூழ்ந்து நிற்பது வட இந்தியாவில் சாதாரணக் காட்சியாகும்.

இவ்விருந்துக்குக் கைம்மாறாக எறும்பு காவல் அளிக்கிறது. பொறிவண்டு, பச்சைக் கண்ணாடிச் சிறகுப் பூச்சியின் புழு முதலிய இயற்கைப் பகைவர்களை விரட்டுகிறது. சுற்றிலும் தேங்கும் இனிப்பு நீரையும் அப்புறப்படுத்துவதால் மாவுப்பூச்சிகள் அதில் மூழ்கி அழியாமல் தப்புகின்றன. மரம் வாடுவது சாறு உறிஞ்சப்படுவதாலேயே. இலைகள் கறுப்பது சிந்திய இனிப்பு நீரின் மேல் வளரும் கரும்பூசணத்தால். எறும்பு இவ்விரண்டையும் நேரே செய்யவில்லை; செய்பவற்றுக்குக் காவலாக நிற்கிறது. 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் பொறிவண்டை, மாவுப்பூச்சியை ஒழிப்பதற்காக மரத்தில் விடும் பணியாளர்கள், எறும்புகளின் நடமாட்டத்தை முதலில் தடுக்காவிடில் முயற்சியின் பயன் குறைந்துபோகும்.

அதே எறும்பு வேறொரு செடியில் நன்மையும் புரிகிறது. நுரைப்பீர்க்கின் இலைகளிலும் பூவின் புறப்பகுதிகளிலும் தேன் சுரக்கும் சிறு புள்ளிகள் உள்ளன. அத்தேனை நாடி வரும் கட்டெறும்பு முதலிய எறும்புகள், இலையைத் தின்னும் சிவப்புப் பூசணி வண்டைச் செடியில் தங்கவிடாமல் தடுப்பதைக் காசி இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டுள்ளனர். இலந்தை இலையை உண்ணும் சிறு நீல வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களையும் கட்டெறும்பு சூழ்ந்து காக்கிறது. அப்புழுவின் முதுகிலுள்ள சுரப்பி இனிய நீரை அளிப்பதே காரணம். எறும்புக்குப் பயிர் என்றும் களை என்றும் வேற்றுமை இல்லை. இனிப்பு எங்குண்டோ அங்கு அது காவலாளி. ஆதலால் ‘எறும்பு நல்லதா, கெட்டதா’ என்று கேட்கும் விவசாயிக்கு, எந்தச் செடியில், எதனை நாடி ஏறுகிறது என்று பார்த்த பின்னரே விடை கூறவேண்டும்.

பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மரத்தின் அடிப்பகுதியில் நின்று, ஏறும் எறும்புகளையும் இறங்கும் எறும்புகளையும் தனித்தனியே நோக்கவேண்டும். வெறும் வயிற்றின் கரிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வயிறு ஒரே கறுப்பாகத் தோன்றும். தீனிப்பை நிறைந்ததும் தகடுகள் விலகி, இடையிலுள்ள மெல்லிய தோல் வெளிறிய வளையங்களாகத் தெரியும். ஒடுங்கிய வயிற்றுடன் ஏறுபவை வளையமிட்ட பருத்த வயிற்றுடன் இறங்குமாயின், மேலே இனிப்பு நீர் உண்டு என்பது தெளிவு. உயர்ந்த மரத்தின் உச்சியிலுள்ள மாவுப்பூச்சியை ஏணியின்றி அறிவதற்கு இக்குறி உதவும். பூத்திருக்கும் மரமாயின் பூந்தேனாகவும் இருக்கலாம்; அதனையும் மனத்தில் கொள்க.

குடலினுள் வாழும் துணையுயிர்

சர்க்கரை நீரையே பெரிதும் உண்டு வாழும் எறும்புக்கு உடல் வளர்ச்சிக்கான சத்து எங்கிருந்து வருகிறது? 1880-களில் ஜெர்மானிய அறிஞர் பிளாக்மன், இப்பேரினத்து எறும்புகளின் குடற்சுவரிலும் சினைப்பையிலும் உள்ள அணுக்களுக்குள் நுண்ணுயிர்கள் நிறைந்திருப்பதைக் கண்டார். அவர் பெயராலேயே அவை இன்று பிளாக்மானியா என வழங்குகின்றன. தாயிடமிருந்து முட்டையின் வழியாகவே இவை அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. அமெரிக்க இனம் ஒன்றில் வாழும் பிளாக்மானியாவின் மரபணுத் தொகுதி முழுவதும் 2003-இல் வெளியிடப்பட்டபோது, எறும்பு தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்களை அது ஆக்கித் தருவதும், யூரியாவைச் சிதைத்து அதிலுள்ள நைட்ரஜனை மீண்டும் பயன்படுத்தும் ஆற்றல் அதற்கிருப்பதும் புலனாயின.

சிறுநீரை எறும்பு நாடுவது பற்றிய நம்பிக்கையை இவ்வுண்மையின் ஒளியில் நோக்கவேண்டும். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பிரமேக நோயின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சரக சம்ஹிதை கூறுகிறது. அக்கால மருத்துவரின் கூர்ந்த நோக்கு பாராட்டத்தக்கது. சர்க்கரை கலந்த சிறுநீரை எறும்புகள் நாடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சர்க்கரை சிறிதுமில்லாத சிறுநீரிலும் யூரியா உண்டு. இப்பேரினத்து எறும்புகள் யூரியாவையும் நாடி வந்து உண்கின்றன. எனவே, கட்டெறும்பு மொய்த்தது என்பதைக் கொண்டு நோய் உண்டு என்று அஞ்சுவதற்கில்லை. இதைவிட அபாயகரமானது மறுபுறம்: எறும்பு வரவில்லை, ஆகவே நோயில்லை என்று எண்ணிவிடுவது. நீரிழிவின் தொடக்க நிலையில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் சிறுநீரில் அது வெளிப்படாமல் இருக்கக்கூடும். மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை தோன்றினால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு கூறுவதே களப்பணியாளரின் கடமை.

தோட்டத்தில் கையாளும் முறை

1950, 1960-களில் எறும்புக் கூடுகளில் பி.எச்.சி. தூளை இடுவது வழக்கமாக இருந்தது. மண்ணிலும் உணவிலும் நெடுங்காலம் தங்கித் தீங்கு விளைவிப்பதால் அம்மருந்தின் உற்பத்தியும் உபயோகமும் இந்தியாவில் 1997-இல் தடை செய்யப்பட்டன. பழைய கையேடுகளில் அவ்வாறு எழுதியிருப்பதைக் கண்டு எவரும் பின்பற்றலாகாது. கூட்டை அழிப்பதால் பயனும் குறைவு. அண்டையிலுள்ள கூட்டத்தினர் விரைவில் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்வர்.

மாவுப்பூச்சி கண்ட பழமரத்தில், அடிமரத்தைச் சுற்றி ஒரு பட்டைத் துணியையோ தடித்த தாளையோ இறுகக் கட்டி, அதன்மேல் ஒட்டும் பசையைத் தடவுதல் நன்று. பசையை மரப்பட்டையில் நேரே தடவினால் பட்டை கெடக்கூடும். துணிக்கும் பட்டைக்கும் இடையே இடுக்கு இருப்பின் எறும்பு அதன்வழியே நுழைந்துவிடும். தாழ்ந்த கிளை ஒன்று தரையைத் தொட்டாலும், அண்டை மரத்துடன் உராய்ந்தாலும் செய்த வேலையெல்லாம் வீண். எறும்புக்கு ஒரு பாலம் போதும். தூசி படிந்து பசை உலர்ந்துவிடுவதால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். எறும்பின் வரவு நின்று சில நாட்கள் கழிந்தபின், பொறிவண்டுகள் மரத்தில் வரத் தொடங்கியிருக்கின்றனவா என்று இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மாவுப்பூச்சிக் கூட்டங்களின் இடையே, அவற்றைப் போலவே வெண்மெழுகு போர்த்து, ஆனால் உருவில் பெரிதாயும் விரைந்து நகர்வதாயும் காணப்படுவது கிரிப்டோலேமஸின் புழு. அதனை மாவுப்பூச்சி என்று எண்ணி நசுக்கிவிடுதல் கூடாது.